வயதான அம்மா அப்பாவின் காஸ், கரண்ட் செலவுக்கு என்ன உதவி எடுக்கலாம்? (லண்டன்)

நெல்லியடி77

அப்பாவுக்கு 81, அம்மாவுக்கு 76. கவுன்சில் பிளாட்டில் இரண்டு பேரும் தனியாக இருக்கினம். ஸ்டேட் பென்சன் கிழமைக்கு அப்பாவுக்கு 150 பவுண், அம்மாவுக்கு 95 பவுண். பாங்கில் 13,000 பவுண் சேமிப்பு இருப்பதால் ஒன்றும் கிடைக்காது என்று ஆரோ சொல்லி, இதுவரை எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. வின்ரர் ஃபியூவல் காசு மட்டும் வரும். காஸ், கரண்ட் இரண்டும் பிரீபேமென்ட் மீற்றர் (முன்கூட்டியே காசு போட்டுப் பாவிப்பது). கணக்கு என் பெயரில். குளிர்காலத்தில் கரண்ட் பில்லில் குறைக்கிற 150 பவுண் கழிவு ஏன் வருவதில்லை? வேறு என்ன எடுக்கலாம்? தை மாதம் ஊருக்குப் போய் மூன்று மாதம் நிற்கவும் யோசிக்கினம்.

படிவக்காரன்

முதலில் பென்சன் கிரெடிற். வருமானம் குறைந்த பென்சன்காரருக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வரை அரசு நிரப்பித் தரும் காசு இது. சேமிப்பில் முதல் 10,000 பவுணைக் கணக்கிலேயே எடுக்கமாட்டார்கள். அதற்கு மேலே ஒவ்வொரு 500 பவுணுக்கும் கிழமைக்கு 1 பவுண் வருமானம் என்று வைத்துக்கொள்வார்கள். 16,000 என்ற எல்லை வேலை செய்யும் வயதினருக்கான யூனிவேர்சல் கிரெடிற்றுக்கு உரியது. பென்சன் கிரெடிற்றுக்கு அப்படி ஒரு எல்லை இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் சனம் வயதானவர்களைப் பயப்படுத்துது.

உங்கள் கணக்கு இப்படி: 150 + 95, சேமிப்புக்கு 6, மொத்தம் 251. தம்பதிக்கு 2025-26இல் அரசு வைத்த குறைந்தபட்ச வருமானம் கிழமைக்கு 346.60. மிச்சம் கிழமைக்கு 95.60 பவுண், வருடத்துக்கு 4,900க்கு மேலே. 150 பவுண் கழிவைத் தேடி ஓடும்போது இதை விட்டுவிடாதேங்கோ. இது கிடைத்தால் கவுன்சில் ராக்ஸ் குறையும், வாடகைக்கு ஹவுசிங் பெனிஃபிற் கேட்கலாம், 75 வயதுக்கு மேல் என்பதால் ரிவி லைசென்சும் இலவசம்.

0800 99 1234க்கு அடித்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கோ. இரண்டு பேரின் நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர், பாங்க் விபரம், சேமிப்புத் தொகை கையில் இருக்கட்டும். மூன்று மாதம் பின்தேதியிட்டுத் தருவார்கள், கட்டாயம் கேளுங்கோ.

அப்பாவுக்குக் குளிக்க, உடுப்பு மாற்ற, இரவில் எழும்ப ஆள் துணை வேண்டியிருந்து, அது ஆறு மாதமாக இருந்தால் அற்றென்டன்ஸ் அலவன்சுக்கும் (ஆள் துணை தேவைப்படும் வயதானவர்களுக்கான காசு) போடுங்கோ. அதை வருமானமாகப் பார்ப்பதில்லை.

ஊர்ப் பயணத்தில்தான் சிக்கல். நாலு கிழமைக்கு மேல் நிற்கிற எண்ணத்தோடு வெளிநாடு போனால், வெளிக்கிட்ட நாளிலிருந்தே பென்சன் கிரெடிற் நிற்கும். சொல்லாமல் போனால் பிறகு முழுவதையும் திருப்பிக் கேட்பார்கள். மூன்று மாதம்தான் என்றால் போகமுன் அறிவித்துவிட்டு, திரும்பி வந்ததும் புதிதாக விண்ணப்பிக்கவேணும். ஸ்டேட் பென்சனுக்கு இதால் பாதிப்பில்லை.

கழிவுக்கணக்கு

150 பவுண் வராததற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கு: அவர்கள் பெனிஃபிற் ஒன்றும் எடுக்கவில்லை, கணக்கும் உங்கள் பெயரில். வோர்ம் ஹோம் டிஸ்கவுன்ற் (அதுதான் இந்த 150 பவுண் கழிவு) கிடைக்க, அரசு குறிக்கும் ஒரு தேதியில் கரண்ட் கணக்கு பெனிஃபிற் எடுப்பவரின் பெயரிலோ துணையின் பெயரிலோ இருக்கவேணும். 2025-26க்கு அந்தத் தேதி 2025 ஓகஸ்ட் 24. மகனோ மகளோ கட்டுகிற பில்லுக்கு வராது. ஆகவே 2025-26 குளிருக்குப் பிந்திவிட்டது; அடுத்த ஓகஸ்ட்டுக்கு முன் மாற்றுங்கோ.

மாற்றும்போது இரண்டு விசயம். மீற்றர் ரீடிங்கை அன்றே படம் எடுத்து வைத்து, பழைய கடன் ஏதும் மீற்றரில் கிடக்குதா என்று கம்பனியிடம் கேளுங்கோ. கீ மீற்றர் (கடையில் கீயில் காசு ஏற்றிப் போடுவது) என்றால் புதுக் கீ வந்த பிறகு பழையதைப் பாவிக்கக்கூடாது. அதில் போடுகிற காசு பழைய கணக்குக்குப் போகும்.

எங்கட ஆட்களுக்கு இன்னொரு இடைஞ்சல். தகப்பன் பெயர் ஒரு இடத்தில் முன்னுக்கு, இன்னொரு இடத்தில் பின்னுக்கு. பில்லில் இனிஷியல் மட்டும். பெனிஃபிற் கணக்கையும் கரண்ட் கணக்கையும் கணினிதான் பொருத்திப் பார்க்குது. பென்சன் கடிதத்தில் உள்ள எழுத்துகளையே கரண்ட் கணக்கிலும் போடச் சொல்லுங்கோ. தகுதி இருந்தும் தை தொடக்கம் வரை கடிதம் வராவிட்டால், மாசி முடியமுன் வோர்ம் ஹோம் டிஸ்கவுன்ற் ஹெல்ப்லைனுக்கு அடிக்கவேணும். பழைய கீ மீற்றருக்குக் கழிவு வவுச்சராக வரும். அதற்குக் காலாவதித் தேதி உண்டு. லாச்சிக்குள் போட்டு மறக்கிறவர்கள் கனபேர்.

வாசிக்கிற இளம் குடும்பங்களுக்கும்: 2025 குளிர்காலம் முதல் யூனிவேர்சல் கிரெடிற் எடுப்பவர்களுக்கும் இந்தக் கழிவு உண்டு. வீட்டின் வெப்பச் செலவு கூடவா என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டார்கள்.

நெல்லியடி77

நன்றி. அப்பாவின் பெயரில் ஊரில் ஒரு காணி இருக்கு, வீடில்லை. அதையும் சொல்லவேணுமோ?

படிவக்காரன்

ஓம், சொல்லத்தான் வேணும். குடியிருக்கிற வீட்டை மட்டும்தான் கணக்கில் எடுக்காமல் விடுவார்கள். வெளிநாட்டுக் காணியும் சேமிப்பைப் போலச் சொத்துத்தான். சந்தை விலையில் விற்கும் செலவுக்கென்று 10 வீதம் கழித்து, மிச்சத்தைப் பவுணில் கணக்கிடுவார்கள். காணி 20,000 பவுண் பெறும் என்றால் 18,000. சேமிப்போடு 31,000. அதில் 10,000 போக 21,000க்குக் கிழமைக்கு 42 பவுண். அப்போதும் 59.60 பவுண் கிடைக்கும், பயப்பட வேண்டாம். விண்ணப்பிக்கமுன் அவசரமாகப் பிள்ளைகளின் பெயருக்கு எழுதாதேங்கோ. உதவிக்காகச் சொத்தைக் கைமாற்றினார் என்று கண்டால், இன்னும் அவரிடமே இருப்பதாகக் கணக்கெடுப்பார்கள்.

மீற்றர்பெட்டி

மீற்றர் பக்கத்தைச் சொல்கிறேன். காஸ் பாவிக்காவிட்டாலும் ஸ்ராண்டிங் சார்ஜ் என்ற நாள் கட்டணம் (2025 ஒக்ரோபர் விலையில் நாளுக்கு 34 பென்ஸ் அளவு) ஏறிக்கொண்டிருக்கும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கார்ட் போடாமல் விட்டால் 50 பவுண் அளவில் சேர்ந்து, முதல் குளிரில் போடுகிற காசை அதுவே விழுங்கும். "இருபது பவுண் போட்டும் ஹீற்றிங் வரவில்லை" என்பதன் காரணம் அனேகமாக இதுதான். கோடையிலும் கிழமைக்கு 3 பவுணாவது போடுங்கோ. ஊருக்குப் போகமுன்னும் இரண்டு மீற்றரையும் நிரப்பிவிட்டுப் போகவேணும்.

போடுகிற காசிலிருந்து பழைய கடனுக்குக் கழிக்கும் வீதம் கூடினால், குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். கட்டக்கூடிய அளவைப் பார்த்துத்தான் கம்பனி அதைத் தீர்மானிக்கவேணும். எமேர்ஜென்சி கிரெடிற்றும் (காசு முடிந்தால் மீற்றர் தரும் சிறு கடன்) முடிந்துவிட்டால் போன் அடித்து மேலதிக கிரெடிற் கேளுங்கோ. வயதையும் வருத்தத்தையும் சொல்லிப் பிரயோரிற்றி சேர்விசஸ் ரெஜிஸ்ரரில் (கூடுதல் உதவி தேவைப்படுபவர்களுக்குக் கம்பனி வைத்திருக்கும் பட்டியல்) இரண்டு பேரின் பெயரையும் பதிந்தால் அந்த உரையாடல் சுலபமாகும்.

காஸ் முடிந்தவுடன் கரண்ட் ஹீற்றரைப் போடுகிற பழக்கத்தை நிற்பாட்டுங்கோ. 2025 ஒக்ரோபர் விலையில் கரண்ட் ஒரு யூனிற் 26.35 பென்ஸ், காஸ் 6 பென்ஸ் சொச்சம். 2 கிலோவாட் ஃபான் ஹீற்றர் ஒரு மணித்தியாலத்துக்கு 53 பென்ஸ் தின்னும். அதே சூட்டை பொயிலர் 15 பென்சுக்குள் தரும். பொயிலர் கொம்பி வகை (சுடுதண்ணித் தாங்கி இல்லாதது) என்றால் ரேடியேற்றருக்குப் போகும் தண்ணியின் சூட்டை 60க்கு இறக்கலாம். சுடுதண்ணித் தாங்கி உள்ள வீட்டில் தாங்கியை 60க்குக் கீழே விடக்கூடாது, லெஜியோனெல்லா கிருமி வளரும்.