கூரையும் புகைபோக்கியும்: அவசரப்பட்டுக் கையெழுத்து வைத்துவிட்டோம்

மேப்பிள்நிழல்:
கனடாவில், ஒன்டாரியோவின் ஸ்கார்பரோவில் எங்கள் வீடு 1974இல் கட்டியது. மார்ச்சில் பனி உருகியதும், புகைபோக்கிக்குப் பக்கத்துச் சீலிங்கில் தேநீர்க் கறை மாதிரி ஒரு வட்டம். மேலே செங்கல்லும் உதிர்கிறது. கதவைத் தட்டி வந்த ஒருவர், முழுக் கூரையும் மாற்றவேண்டும், பாதிப் பணம் முன்னுக்கே வேண்டும் என்றார். என் கணவர் நேற்றுக் கையெழுத்தும் வைத்துவிட்டார்! இனி என்ன செய்வது?

பழைய ஏணி:
தங்கச்சி, பதறவேண்டாம். ஒன்டாரியோவில் வீட்டில் வைத்துப் போட்ட இப்படியான ஒப்பந்தத்தை, அதன் பிரதி கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். எழுத்தில் அனுப்புங்கள். முன்பணம் 10 சதவீதம் போதும்.

பதினாறு வருடம் ஷிங்கிள்ஸ் (கூரைமேல் வரிசையாக அடிக்கும் மெல்லிய ஓட்டுத் துண்டுகள்) அடித்தவன் நான். புகைபோக்கி ஓரம் ஒழுகினால் முதலில், கூரையும் புகைபோக்கியும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்காமல் மூடும் ஃபிளாஷிங் தகட்டைத்தான் பார்ப்பேன். தார் பூசி மறைத்திருந்தால் கனகாலம் தாங்காது. செங்கல் வேலை முதலில், கூரை பிறகு. இல்லாவிட்டால் மேசன் புது ஷிங்கிள்ஸை மிதித்துக்கொண்டு நிற்பார். அப்புறம், உக்கிய பலகை மாற்ற ஒன்றுக்கு என்ன விலை என்று இப்போதே எழுதி வாங்குங்கள். காசு ஏறுவது அங்கேதான்.

குளிர்வாசி:
வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் புகை எதால் போகிறது? எங்களுடையது பக்கச் சுவர்க் குழாயால் போகிறது. சும்மா நின்ற புகைபோக்கியைக் கூரைமட்டத்துக்குக் கீழே இடித்து மூடிவிட்டோம்.

மேப்பிள்நிழல்:
ரத்துக் கடிதம் அனுப்பியாச்சு. எங்கள் சுடுதண்ணீர்த் தாங்கி இன்னும் அதில்தான் புகை விடுகிறது, இடிக்க முடியாது. சனிக்கிழமை மேசன் வருகிறார்.