டிராகுலா உண்மையில் செத்தானா?

வெள்ளாறு: திகில், அறிவியல் புனைகதை, பழைய கிளாசிக் மூன்றிலும் உங்களுக்குப் பிடித்த நாவல்களைச் சொல்லுங்கள். ஆங்கிலம் தடங்கல் இல்லாமல் வாசிப்பேன். விடுமுறை முடிவதற்குள் நாலைந்தாவது படித்துவிட வேண்டும்.

தேன்மொழி: திகிலில் முதலில் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897). நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி என்று பலர் எழுதியதைக் கோத்து வைத்ததுபோல் கதை போகும். ரத்தம் குடித்தே சாகாமல் வாழும் டிராகுலா எதிரில் இல்லாத பக்கங்களில்தான் பயம் அதிகம். கார்பாத்திய மலையில் பனிக்கு நடுவே துரத்திப் போய் அவனைக் கொல்லும் கடைசி அத்தியாயத்தை ராத்திரியில் படியுங்கள். அறிவியலுக்கு வெல்ஸின் 'டைம் மெஷின்' (1895). கிளாசிக் என்றால் எமிலி பிராண்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' (1847).

கோட்டைமேடு: "அவனைக் கொல்லும் கடைசி அத்தியாயம்" என்று போகிற போக்கில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. டிராகுலா சாகவில்லை. புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அவன் கடித்து ரத்தக்காட்டேரியான லூசியை எப்படி முடித்தார்கள்? நெஞ்சில் கூரான கட்டையை அறைந்து, தலையை வெட்டி, வாயில் பூண்டை அடைத்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டும் பேராசிரியர் வான் ஹெல்சிங் பக்கம் பக்கமாக அந்த முறையைப் பாடம் நடத்துகிறார். டிராகுலாவுக்கு என்ன நடந்தது? துரத்திப் போனவர்களில் ஜோனதன் கத்தி தொண்டையில், குவின்சி மோரிஸ் கத்தி நெஞ்சில். இரண்டும் சாதாரண இரும்பு. கட்டை எங்கே? பூண்டு எங்கே? ஒரு சின்னப் பெண்ணுக்கு அவ்வளவு சடங்கு, நூற்றாண்டுகளாக வாழ்ந்தவனுக்கு இரண்டு வெட்டா?

தேன்மொழி: உடல் கண்ணெதிரே தூளாகி மறைந்தது என்று ஜோனதனின் மனைவி மினா எழுதுகிறாளே. அது சாவு இல்லையென்றால் வேறு எது?

கோட்டைமேடு: தூளா! 18-ஆம் அத்தியாயத்தில் வான் ஹெல்சிங் அவனுடைய சக்திகளை வரிசையாகச் சொல்கிறார். நிலா வெளிச்சத்தில் தூசியாக வரக்கூடியவன் அவன். தூசியாவது அவன் தந்திரம். மறையும் சூரியனைப் பார்த்ததும் அவன் கண்ணில் வெற்றிக் களை வந்தது என்றும் அதே மினாதான் எழுதுகிறாள். தோற்கப் போகிறவனுக்கு எதற்கு வெற்றிக் களை? மறுபடியும் கேட்கிறேன், கட்டை எங்கே?

பழைய பேப்பர்: வெள்ளாறு, இந்தச் சண்டையை விட்டுவிட்டு வெல்ஸின் 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' எடுங்கள். 1897-இல் பத்திரிகையில் தொடராக வந்து 1898-இல் புத்தகமானது. செவ்வாய்க்காரர்கள் பீரங்கியால் சாகவில்லை, நம் ஊர் நுண்கிருமிகளால் செத்தார்கள். கட்டையும் வேண்டாம், பூண்டும் வேண்டாம். 'டிராகுலா'வையே நான் அறிவியல் கதையில்தான் சேர்ப்பேன். ஃபோனோகிராப்பில் பதிவு, தட்டச்சு, ரத்தம் ஏற்றுதல் எல்லாம் இருக்கிறது.

தேன்மொழி: ரத்தம் ஏற்றுதலா? ஆர்தர், சீவர்டு, வான் ஹெல்சிங், குவின்சி என்று நாலு பேர் ரத்தத்தை லூசிக்கு ஏற்றுகிறார்கள். ரத்த வகைகளை லாண்ட்ஸ்டைனர் கண்டுபிடித்ததே அதற்குப் பிறகுதான். இதையா அறிவியல் என்கிறீர்கள்?

பழைய பேப்பர்: அந்தக் காலத்து அறிவியல் அந்தக் காலத்துப் புத்தகத்தில். ஃபிராங்கன்ஸ்டைன் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் குறுக்கே விழுந்தீர்கள். மின்னலால் அந்த உருவத்துக்கு உயிர் வந்தது என்று நான் எழுதியதற்கு எத்தனை பேர் முன்னால் மட்டம் தட்டினீர்கள்! இன்னும் மறக்கவில்லை.

தேன்மொழி: மேரி ஷெல்லியின் 1818 பதிப்பிலும் சரி, 1831-இல் அவரே திருத்திய பதிப்பிலும் சரி, அந்த உருவம் உயிர் பெறும் நவம்பர் இரவில் மின்னல் வெட்டுவதில்லை. மழைதான் ஜன்னலில் அடிக்கிறது. மின்னல் மரத்தைப் பிளப்பது அதை உருவாக்கிய விக்டரின் சிறுவயதில். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

கோட்டைமேடு: பேச்சை மாற்ற வேண்டாம். கட்டை எங்கே?

தேன்மொழி: நீங்கள் காட்டிய அதே 18-ஆம் அத்தியாயம், அதே பேச்சு. கட்டையும் அமைதி தரும், தலையை வெட்டினாலும் அமைதி தரும், புனிதப்படுத்திய குண்டும் கொல்லும் என்கிறார் வான் ஹெல்சிங். வழி ஒன்று மட்டும் இல்லை. டிராகுலாவின் கோட்டையில் இருந்த மூன்று ரத்தக்காட்டேரிப் பெண்களும் தலை வெட்டுப்பட்டதும் தூளாகத்தான் போனார்கள். நூற்றாண்டு பழைய உடல், உயிர் போனதும் மண்ணாகிறது. லூசி செத்துச் சில நாள்தான், அதனால் அவள் தூளாகவில்லை. எவ்வளவு நேர்த்தியாக எழுதியிருக்கிறார் ஸ்டோக்கர்! டிராகுலா முகத்தில் கடைசி நொடியில் வந்த அமைதியை ஏன் விட்டுவிட்டீர்கள்? லூசி முகத்திலும் அந்த மூவரில் முதலாமவள் முகத்திலும் வந்தது அதுதான்.

கோட்டைமேடு: தங்கச்சி, நிதானமாகப் படியுங்கள். அந்த மூவருக்கும் கட்டை அறைந்த பிறகுதான் வான் ஹெல்சிங் தலையை வெட்டினார். இங்கே கட்டை இல்லை. தலை துண்டானது என்றும் எழுதவில்லை, கத்தி தொண்டையை அறுத்தது என்றுதான் இருக்கிறது. குழந்தைகளுக்கான சுருக்கப் பதிப்பு எதையாவது படித்துவிட்டு வந்தால் இதெல்லாம் தெரியாது.

தேன்மொழி: தங்கச்சி என்று கூப்பிட வேண்டாம், பெயர் இருக்கிறது. நான் படித்தது முழுப் பதிப்பு. மினாவின் நெற்றி வடு அந்த நிமிடமே மறைந்ததே, அதற்கு என்ன பதில்?

கோட்டைமேடு: அந்த வடுவை டிராகுலாவா வைத்தான்? வான் ஹெல்சிங் நற்கருணை அப்பத்தை நெற்றியில் வைத்தபோது வெந்து வந்த வடு. அது கடவுளுக்கும் மினாவுக்கும் இடையிலான கணக்கு. இன்னொன்றும் கேளுங்கள். ஸ்டோக்கரின் தட்டச்சுப் பிரதியில் கடைசியில் கோட்டையே அழிந்து போகிறது. அச்சான புத்தகத்தில் அது கிடையாது. ஏழு வருடம் கழித்து அவர்கள் போய்ப் பார்க்கும்போது கோட்டை அப்படியே நிற்கிறது. ஏன் விட்டுவைத்தார்? அவன் திரும்பி வருவதற்கு.

சங்குப்பூ: நான் 'டிராகுலா' வாசித்ததில்லை, படம்தான் பார்த்திருக்கிறேன். சூரிய வெளிச்சம் பட்டாலே எரிந்துபோவான் இல்லையா? பிறகு எதற்குக் கத்தி, கட்டை?

கோட்டைமேடு: படம் பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டார்கள். லண்டன் பிக்காடிலியில் பட்டப்பகலில் நின்று பெண்ணை வெறித்துப் பார்க்கிறான் அவன், ஜோனதன் அதைப் பார்த்து வெலவெலத்துப் போகிறான். வெயிலில் அழிவதெல்லாம் 1922-இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' படத்தின் வேலை. ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கச் சொல்லி ஆணையே வாங்கினார்.

சங்குப்பூ: கேட்டது தப்பா? இப்படி விரட்டினால் புதிதாக யார் படிக்க வருவார்கள்? எனக்கு ஷெரிடன் லெ ஃபனுவின் 'கார்மில்லா' (1872) போதும். டிராகுலாவுக்கு முன்பே வந்தது, சின்னது. அதில் கட்டையும் உண்டு, தலையை வெட்டி எரிப்பதும் உண்டு.

கோட்டைமேடு: பார்த்தீர்களா? ஸ்டோக்கருக்கு இருபத்தைந்து வருடம் முன்பே எழுதிய அயர்லாந்துக்காரருக்கு முறை தெரிந்திருக்கிறது. அவர் பிறந்த அதே டப்ளினில் பிறந்த ஸ்டோக்கர் மறந்துவிட்டாரா? வேண்டுமென்றேதான் கட்டையை எடுத்தார்.

தேன்மொழி: அவன் தூளான பிறகும் கோட்டை மறையும் சூரிய வெளிச்சத்தில்தான் நிற்கிறது என்று மினா எழுதுகிறாள். சூரியன் முழுதாக இறங்கவில்லை. பகலில் அவனால் நினைத்தபடி உருமாற முடியாது. தந்திரம் செய்ய நேரமே கிடைக்கவில்லை, அதுதான் அந்தக் காட்சியின் உயிர். அந்த ஒரு நொடிக்காகத்தான் குவின்சி உயிரைக் கொடுக்கிறான். டிராகுலா தப்பித்தான் என்றால் குவின்சியின் சாவுக்கு மதிப்பே இல்லாமல் போகிறது. இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

கோட்டைமேடு: அஸ்தமன நொடியிலும் அவனால் மாற முடியும் என்று அதே வான் ஹெல்சிங் சொல்கிறார். சூரியன் மலை உச்சியில் உட்கார்ந்த நேரம் அது. குவின்சி மேல் உங்களுக்குப் பாசம் இருக்கலாம், பாசம் சாட்சி ஆகாது. கையில் அசல் ஆவணம் என்று அநேகமாக ஒன்றுகூட இல்லை, பிற்பகுதி நோட்டுப் புத்தகங்களும் வான் ஹெல்சிங்கின் குறிப்பும் தவிர எல்லாம் தட்டச்சு செய்த தாள்கள்தான் என்று கடைசிக் குறிப்பில் ஜோனதனே எழுதுகிறான். அதையும் படியுங்கள்.

பழைய பேப்பர்: ஆவணம் நம்பகமில்லை என்றால் கட்டை இல்லை என்பதும் நம்பகமில்லைதானே? இரண்டு பேரும் யோசிக்க மாட்டீர்கள். வெல்ஸ் படியுங்கள்.

வெள்ளாறு: முடிவு முழுக்கத் தெரிந்துவிட்டது. 'டிராகுலா' தவிர வேறு திகில் ஏதாவது?

கோட்டைமேடு: முடிவு தெரிந்தால் என்ன, அதையே படியுங்கள். 27-ஆம் அத்தியாயத்தைப் படிக்கும்போது கட்டை கண்ணில் பட்டால் வந்து சொல்லுங்கள்.

தேன்மொழி: 18-ஐயும் சேர்த்துப் படியுங்கள் வெள்ளாறு. தலை வெட்டுப்பட்டாலும் சாவுதான் என்று அங்கே இருக்கிறது.

கோட்டைமேடு: தலை எங்கே வெட்டுப்பட்டது? தொண்டை!