உதவி: வீட்டுப் புல் வெட்ட நம்பகமான ஆள் வேண்டும் (அவசரம்)

வலசைக்காரர்
வணக்கம். மழை நின்றதும் வீட்டைச் சுற்றிப் புல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. மாதாமாதம் வந்து வெட்டிக் கொடுக்க நம்பகமான ஆள் வேண்டும். போன தடவை வந்தவர் அரைகுறையாக வெட்டி, சொட்டுநீர்க் குழாயையும் நறுக்கிவிட்டு, சொல்லாமல் கிளம்பிவிட்டார். அடுத்துப் பேசியவர் முன்பணம் வாங்கியதோடு சரி, போனை எடுப்பதில்லை. பொங்கல் லீவுக்கு வாடகைக்கு ஆட்கள் வந்து தங்குகிறார்கள், அதற்குள் முடியவேண்டும். நல்ல ஆள் நம்பர் இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ரேட்டும் சொன்னால் நல்லது.

தொண்டி ரோடு
எந்த ஊர் என்று போடவில்லையே. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடற்கரை நீளத்தை யோசித்துப் பாருங்கள், ஆள் பெட்ரோல் போட்டுக்கொண்டு உங்களிடம் வந்து சேரவேண்டும் அல்லவா. எத்தனை சென்ட்? விரித்து வளர்த்த புல்தரையா, தானாக முளைத்ததா?

கீழக்கரை பாய்
நாலு ஆட்டை ஓட்டிவிடுங்கள், தரை தெரியும். எங்கள் தோப்பில் வருஷா வருஷம் இதுதான். மெஷினும் வேண்டாம், முன்பணமும் வேண்டாம், ஆட்டுக்காரர் உங்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

நவபாஷாணம்
ஆடு செம்பருத்தியையும் மாங்கன்றையும் சேர்த்துத் தின்னும் என்பதைப் பாய் சொல்லமாட்டார்.

மண்ணறிஞன் (மூத்த உறுப்பினர்)
ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இதே கேள்வி வருகிறது. பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. தம்பி, வெறுமனே புல் என்றால் என்ன சொல்வது? அருகா, கோரையா, மழைக்கு வந்த பலவகைக் களையா? கோரையாக இருந்தால் மேலே வெட்டுவதால் ஒரு பயனும் இல்லை, கிழங்கு மண்ணுக்குள் சங்கிலி மாதிரி கோத்துக்கொண்டு கிடக்கும், சில நாளில் மறுபடி தலைகாட்டும். அடிப்படை தெரியாமல் வேலைக்காரரைக் குறை சொல்வது எளிது.

வலசைக்காரர்
உச்சிப்புளி பக்கம். பெரிய இடம் இல்லை. சாதாரணப் புல்தான். மண்ணறிஞன் அவர்களுக்கு: எனக்கு வயது 58.

தொண்டி ரோடு
பெரிய இடம் இல்லை என்றால் 5 சென்ட்டா 50 சென்ட்டா அண்ணே? வடகடல் (பாக் விரிகுடா) பக்கமா தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கமா? ஒரு படம் போட்டால் பாதிக் கேள்வி குறையும்.

டூ ஸ்ட்ரோக்
நான் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன், அதனால் என் பக்கத்துச் செய்தி. ஆள் வராமல் போவதற்குப் பாதி நேரம் காரணம் ஆள் இல்லை, கார்பரேட்டர். இங்கே பலரிடமும் இருக்கும் பிரஷ் கட்டர் (புல் வெட்டும் மெஷின்) டூ ஸ்ட்ரோக் எஞ்சின், பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றவேண்டும். மெஷினில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு, சிலதுக்கு 25க்கு 1, சிலதுக்கு 50க்கு 1. நம் ஆட்கள் கைக்கணக்கில் ஊற்றுவார்கள். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் பிளக்கில் கரி ஏறும். அதோடு இப்போது வருகிற இ20 பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, அது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும், கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். கோடை முழுவதும் டாங்கில் பெட்ரோலோடு மூலையில் கிடந்த மெஷினை மழை முடிந்து எடுத்துக் கயிறு இழுத்தால் எப்படிக் கிளம்பும்? பாதி வெட்டும்போது நின்றுவிடும், அவரும் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் போய்விடுவார். ஆகவே ஆளிடம் முதல் கேள்வி, வேலை இல்லாத மாதங்களில் டாங்கைக் காலி செய்து வைப்பீர்களா என்பதுதான். முழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

நவபாஷாணம்
அவர் புல் வெட்ட ஆள் கேட்டால் நீங்கள் மெக்கானிக் வேலைக்கு இன்டர்வியூ வைக்கிறீர்கள்.

கரிமூட்டம்
வேலிக்கருவை (சீமைக்கருவேலம்) இருக்கிறதா இல்லையா என்று யாருமே கேட்கவில்லை. இருந்தால் கட்டர் எல்லாம் வீண். வெட்டின கட்டையிலிருந்து நாலாகக் கிளைக்கும். ஜேசிபி வைத்து வேரோடு எடுத்துவிடுங்கள், மரத்தைக் கரிக்கு எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள், செலவு கொஞ்சம் கட்டுப்படும்.

பசுமைப்பிரியன்
இவ்வளவு எதற்கு. கிளைபோசேட் களைக்கொல்லி அடித்துவிடுங்கள், காய்ந்துவிடும்.

பட்டணம்காத்தான் அக்கா
ஆட்கள் வந்து தங்கி, பிள்ளைகள் உருண்டு விளையாடும் இடத்தில் அதையா அடிக்கச் சொல்கிறீர்கள்? 2022 அக்டோபரிலேயே மத்திய அரசு உத்தரவு போட்டுவிட்டது, பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் வழியாகத் தவிர வேறு யாரும் கிளைபோசேட் பயன்படுத்தக் கூடாது. போதாததற்கு அது களையை மட்டும் தேடிப்போய்க் கொல்லாது, வளர்த்த புல்லும் சேர்ந்தே கருகும்.

ஆள் பிடிப்பது பற்றி என் பழக்கத்தைச் சொல்கிறேன். போனிலேயே ரேட் சொல்பவரை நான் கூப்பிடுவதில்லை. வந்து ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுச் சொல்பவர்தான் வேண்டும். வந்ததும் பேசவேண்டியதை அப்போதே பேசிவிடவேண்டும்: மணிக்கணக்கா, மொத்தமா, மணிக்கணக்கு என்றால் மெஷின் நின்றுபோன நேரம் கணக்கில் வருமா, பெட்ரோலும் கட்டரில் மாட்டும் நைலான் நூலும் யாருடையது, வெட்டினதை வாரி ஒதுக்குவது கூலியில் சேர்த்தியா. இந்த வாருகிற விஷயத்தில்தான் பாதிச் சண்டை வரும். அப்புறம் வீட்டு ஓரத்திலும் குழாய் ஓரத்திலும் பிளேடு போடக் கூடாது, நைலான் நூல்தான். நூலும் மெல்லிய சொட்டுநீர்க் குழாயைக் கிழிக்கும், ஆனால் பிளேடு மாதிரி ஒரே போடு இல்லை. நூல் சிறு கல்லைத் தெறிக்கவிடும் என்பதால் காரையும் ஜன்னல் பக்கத்தையும் முன்பே பார்த்துக்கொள்ளவேண்டும். முன்பணம் பெட்ரோல் காசுக்கு மேல் கொடுப்பதில்லை. புது ஆளிடம் முதல் நாள் ஒரு மூலையை மட்டும் வெட்டச் சொல்வேன், அதைப் பார்த்துவிட்டு மிச்சம். பேசியதை வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பி வைப்பேன், அவர் சரி என்று போட்டால் போதும். இன்னொன்று, மெஷினையும் மண்வெட்டியையும் கழுவிக்கொண்டு வரச் சொல்வேன். அடுத்த வீட்டு மண்ணோடு கோரைக்கிழங்கு நம் வீட்டுக்கு வந்துவிட்டால் பிறகு எந்த ஆளாலும் காப்பாற்ற முடியாது.

வலசைக்காரர்
படம் இணைத்திருக்கிறேன். மொத்தம் 40 சென்ட். அரியமான் பக்கம்.

தொண்டி ரோடு
அண்ணே, இதையா சாதாரணப் புல் என்றீர்கள். வாசலில் இருப்பது மட்டும்தான் விரித்த புல்தரை, பார்த்தால் ஏழெட்டு சென்ட் இருக்கும். கிணற்றைச் சுற்றி இருப்பது முழுக்கக் கோரை. வேலி ஓரத்தில் கரிமூட்டம் சொன்ன கருவைக் கன்றுகள் இருக்கின்றன. பின்னால் கடலைப் பார்த்த மேட்டில் நிற்பது ராவணன் மீசை என்கிற மணல்மேட்டு முள்புல். இந்த நாலையும் ஒரே ஆளிடம் "புல்" என்று சொன்னால் அவர் எதை நினைத்து ரேட் பேசியிருப்பார்?

கரிமூட்டம்
அந்த மேட்டையும் சேர்த்து ஜேசிபியில் தள்ளிவிட்டால் வராந்தாவிலிருந்து கடல் தெரியும், தங்க வருகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள்.

தொண்டி ரோடு
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பதே ராவணன் மீசையும் அடப்பன்கொடியும்தான். அது போனால் வாடைக்காற்றில் மணல் வராந்தாவுக்கு வரும், கடல் தெரிவதற்குப் பதிலாகத் தினமும் மணல் கூட்டவேண்டியதுதான். நடக்க ஓரமாக ஒரு ஒற்றையடிப் பாதை விட்டுக்கொள்ளுங்கள், போதும்.

மண்ணறிஞன்
நான் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். இந்த ஊரில் புல்தரை போட்டதே தப்பு. போர் தண்ணீர் உப்பு, மழை ஐப்பசி முதல் மார்கழி வரை, மிச்ச மாதங்கள் வெயில். குடிக்க லாரித் தண்ணீரை எதிர்பார்க்கும் ஊரில் வாசலில் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது என்ன நாகரிகம்? வெளியூர்க்காரர்கள் படம் பார்த்துவிட்டு இங்கே வந்து அதேபோல் போடுகிறார்கள்.

பட்டணம்காத்தான் அக்கா
அருகு இந்த மண்ணில் தானாகவே வளர்கிற புல். உப்பையும் ஓரளவு தாங்கும். வெயிலில் பழுத்துப் போகும், மழை விழுந்தால் தானே பச்சை கட்டும், தண்ணீர் ஊற்றாமலே. கடலோரத்துக்கென்றே பாஸ்பலம் என்ற புல்வகையும் இருக்கிறது. கோடையிலும் பச்சையாக இருக்கவேண்டும் என்று அடம்பிடித்தால்தான் தண்ணீர்ச் செலவு.

மண்ணறிஞன்
ஓரளவு என்றால் எவ்வளவு? போர் தண்ணீரைப் பரிசோதித்தார்களா? பரிசோதிக்காமல் எதைப் போட்டாலும் மேலே வெள்ளையாக உப்புப் பூக்கும், பிறகு இங்கேயே வந்து புல் ஏன் மஞ்சளாகிறது என்று கேட்பார்கள்.

கீழக்கரை பாய்
அவர் வெளியூர்க்காரர் என்று எங்கே சொன்னார்? வலசைக்காரர் என்றுதானே பெயர் வைத்திருக்கிறார். உச்சிப்புளியைச் சுற்றி வலசை என்று பெயர் முடிகிற ஊர் எத்தனை இருக்கிறது.

நவபாஷாணம்
தங்குவதற்கு வாடகைக்கு விடுகிறார் என்றாலே வெளியூர்க்காரர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். கரையில் வலை காயப்போட இடம் விடாமல் வேலி போடுகிறவர்களைச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து பேசுகிறேன். ஏழு சென்ட் அருகம்புல்லுக்கு இவ்வளவு கோபம் எதற்கு?

மண்ணறிஞன்
நான் கோபப்படவில்லை. தகவல் சொல்கிறேன்.

மண்டபம் கட்டர்
எனக்கு இதுதான் தொழில், எங்கள் பக்கமும் யாராவது எழுதவேண்டும் என்று எழுதுகிறேன். மழை முடிந்த கையோடு எல்லோரும் ஒரே வாரத்தில் கூப்பிடுவார்கள். பங்குனி, சித்திரையில் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள், அப்போது நாங்கள் பெயிண்ட் வேலைக்கும் போகிறோம், சிலர் கடலுக்கும் போகிறார்கள். மாதாமாதம் வேண்டும் என்று சொல்வார்கள், ஒரு தடவை வெட்டித் தரை சுத்தமானதும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். அதனால் நாங்களும் நடுவில் பெரிய தோப்பு வேலை வந்தால் அதற்குப் போய்விடுகிறோம். அதற்காக முன்பணத்தை வாங்கிக்கொண்டு போனை எடுக்காமல் இருப்பது சரி என்று சொல்லவரவில்லை, அது தப்புதான். ஆனால் உங்களுக்கு நிலையான ஆள் வேண்டும் என்றால் மழையில்லாத மாதங்களிலும் ஏதாவது வேலை கொடுங்கள். கோரை தோண்டுவது, கருவைக் கன்று பிடுங்குவது, தென்னைக்குப் பாத்தி கட்டுவது, எதுவானாலும் சரி. கருவையைக் கன்றாக இருக்கும்போதே மண் ஈரத்தில் மண்வெட்டி போட்டு வேரோடு எடுத்துவிடலாம், இந்தப் படத்தில் இருப்பதற்கு ஜேசிபி தேவையில்லை.

அப்புறம் போனில் எல்லோரும் சின்ன இடம், சாதாரணப் புல் என்றுதான் சொல்கிறார்கள். போய் மெஷினைப் போட்டால் உள்ளே உடைந்த பாட்டில், கட்டுக்கம்பி, பழைய வலைத்துண்டு. வலை சுற்றினால் கட்டர் தலை நின்றுவிடும், பிரித்து எடுப்பதற்குள் பொழுது போய்விடும். முழங்கால் புல்லில் சுருட்டை விரியன் கிடந்தால் மேலே இருந்து தெரியாது, மணல் நிறம்தான். நான் முதலில் கம்பால் தட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவேன், பூட்ஸ் இல்லாமல் இறங்கமாட்டேன், கண்ணுக்குக் கண்ணாடி போடுவேன். செருப்போடு இறங்குகிற ஆளை நீங்களும் இறங்கவிடாதீர்கள், கடித்தால் அவருக்குத்தான் முதல் கஷ்டம், 108 வந்து சேரும்வரை உங்களுக்கும் பதற்றம்.

குழாய் நறுங்கியதைப் பற்றி: குழாய் போகிற வழியெல்லாம் ஒரு குச்சி நட்டுத் துணி கட்டி வையுங்கள். புல்லுக்குள் புதைந்த கறுப்புக் குழாய் யாருக்கும் தெரியாது.

பொங்கலுக்குப் பச்சையாக வேண்டும் என்றால் இன்னொரு விஷயம். இவ்வளவு உயரம் வளர்ந்த அருகை ஒரே வெட்டில் தரையோடு எடுத்தால் அடித்தண்டு மட்டும் மஞ்சளாக நிற்கும், லீவுக்கு வருகிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருந்தால் நல்லது, உங்களுக்கு நாள் இல்லை, அதனால் இப்போது பாதி, ஒரு வாரம் பத்து நாள் விட்டு மிச்சம். அதற்கு இந்த வாரமே முதல் வெட்டு நடக்கவேண்டும். நான் வந்து பார்க்கிறேன், தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

மண்ணறிஞன்
இதைத்தான் நானும் முதலிலிருந்து சொல்லிவருகிறேன்.

நவபாஷாணம்
எந்தப் பதிவில் என்று காட்டினால் நாங்களும் தேடிப் படிப்போம்.

பசுமைப்பிரியன்
கோரைக்கு மட்டுமாவது மருந்து அடிக்கலாம் இல்லையா?

பட்டணம்காத்தான் அக்கா
கிணற்றைச் சுற்றித்தான் கோரை இருக்கிறது என்று மேலே எழுதியிருக்கிறார்களே. கிணற்றடியில் மருந்தா?

வலசைக்காரர்
மண்டபத்துக்காரர் வந்து பார்த்தார், முதல் வெட்டு முடிந்தது. குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் மேட்டைத் தொடவில்லை. கிணற்றடிக் கோரையைத் தை கடைசியில் தோண்டுவதாகப் பேச்சு. எல்லோருக்கும் நன்றி. (உச்சிப்புளிதான் எனக்குச் சொந்த ஊர்.)

தொண்டி ரோடு
மகிழ்ச்சி அண்ணே. ரேட் எவ்வளவு பேசினீர்கள், மணிக்கணக்கா மொத்தமா? அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

டூ ஸ்ட்ரோக்
என்ன மெஷின் கொண்டுவந்தார், டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா?

தொண்டி ரோடு
அண்ணே, ரேட்?