கன்னியாவில் வாளியைக் கழுவிய அம்மா: சொரியாசிஸ் உள்ளவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

உப்புவெளிக்காரன்:

பெரியப்பாவின் காரியம் முடித்துக்கொண்டு குடும்பமாகத் திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குப் போயிருந்தோம். சட்டையைக் கழற்றினால் என் முதுகும் முழங்கையும் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சொரியாசிஸ், தோல் படை படையாகச் சிவந்து செதில் உதிர்கிற வருத்தம், 11 வருடமாக என்னோடு இருக்கிற சாமான்.

இரண்டு வாளி ஊற்றிவிட்டு வாளியைக் கீழே வைத்தேன். அடுத்து நின்ற அம்மா அதை எடுத்து, மண்ணை அள்ளிப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். சரி, அது பழகிவிட்டது. அவருடைய மகள், ஆறு வயது இருக்கும், என் முழங்கையைக் காட்டி "மாமா, இது என்ன?" என்று கேட்டது. நான் "சுடுதண்ணி பட்டது" என்று சொல்லிவிட்டேன்.

கன்னியாவில் நின்றுகொண்டு! பிள்ளை என்னைப் பார்த்தது, கிணற்றைப் பார்த்தது, பிறகு தாயின் சீலையைப் பிடித்துக்கொண்டு குளிக்க மாட்டேன் என்று கத்தத் தொடங்கியது. தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. துவாயைப் போர்த்திக்கொண்டு வானுக்குள் போய் இருந்துவிட்டேன்.

வாளி கழுவியது என்னைச் சுடவில்லை. அந்தப் பொய்தான் இன்னும் சுடுகிறது.

டொக்யாட் வீதி:

நீங்கள் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? கேட்கிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல நாங்கள் என்ன சுகாதாரப் பரிசோதகர்களா?

எனக்குத் தலையில்தான். பொடுகு என்று சொல்லிச் சமாளித்து வந்தேன். ஒரு நாள் சலூனில் பெடியன் சீப்பை வைத்து இழுக்க, ஒரு செதில் அப்படியே கிளம்பிவிட்டது. அதன் அடியில் பொட்டுப் பொட்டாக இரத்தம். செதிலை உரித்தால் அப்படித்தான் கசியும், உங்களுக்குத் தெரியும்தானே. பெடியன் சீப்பைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான். டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது, அதைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. பாதி வெட்டிய தலையோடு எழும்பினேன். காசை நீட்டினால் முதலாளி, "வேண்டாம் அண்ணா, இருக்கட்டும்" என்கிறார். அவ்வளவு மரியாதையாக யாரும் என்னைத் துரத்தியதில்லை.

இப்போது மனைவிதான் மெஷினால் வெட்டிவிடுகிறாள். காதுக்குப் பின்னால் ஒரு தரம் கீறிவிட்டது. இரண்டு கிழமையில் அந்தக் கீறல் மேலேயே புதுப் படை.

கரைவலை வீட்டுப் பெடியன்:

மேலே கீறல் என்று எழுதியதைப் பார்த்ததும் அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பா கரைவலை இழுத்தவர். அவருடைய தோளில் கயிறு உரசிய இடத்தில் படை கயிறு மாதிரியே கிடக்கும், நேர்கோடாக. உப்புத்தண்ணீர் என்றோம், கயிற்றுச் சாயம் என்றோம். கிளினிக்கில் தோல் டொக்டர் அந்தக் கோட்டைப் பார்த்தவுடனே, "என்ன தொழில் ஐயா?" என்று கேட்டார். இந்த வருத்தம் உள்ளவர்களுக்கு உடம்பு காயப்படுகிற இடத்தில் அதுவும் வந்து குந்திக்கொள்ளும், கோப்னர் என்று ஒரு ஜெர்மன் டொக்டர் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டு எழுதியது என்றார்.

ஆனால் நான் எழுத வந்தது அது இல்லை. விரல். காலையில் அப்பாவுக்கு விரல்கள் மடங்காது. ஒரு விரல் முழுதாக வீங்கிக் கிடக்கும். நகத்தில் ஊசியால் குத்தினது போலச் சின்னச் சின்னக் குழி. கயிறு இழுத்த கைதானே என்று இரண்டு வருடம் எண்ணெய் தேய்த்தோம். ஒரு விடியற்காலை அப்பா அறை வாசலில் வந்து நின்று, சாறத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தம்பி, இதைக் கொஞ்சம் கட்டிவிடு" என்றார். வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டுதான் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றுதான் மூட்டு டொக்டரிடம் கொண்டு போனோம். சொரியாசிஸ் தோலோடு நிற்காது, சிலருக்கு மூட்டையும் பிடிக்கும், நகக் குழி இருந்தால் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று அங்கேதான் தெரிந்தது. அரித்துப்போன மூட்டு திரும்பி வராதாம். இரண்டு வருடம்.

நிலாவெளி மருமகன்:

என் மாமியாருக்கு இருந்தது, இப்போது நல்ல சுகம். அதனால் அனுபவத்தில் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

முதலாவது, உப்புவெளிக்காரர் வெந்நீரில் குளித்ததே பிழை. சூட்டுத் தண்ணீர் தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும், பிறகு கடிதான், ஒரே அரிப்பு. ஆறின தண்ணீரில் குளித்து, ஈரம் காய முதல் தேங்காய் எண்ணெயோ வெள்ளை வஸலினோ பூச வேண்டும். வாசனைச் சவர்க்காரத்தைத் தூக்கி எறியுங்கள். இரண்டாவது, கடல் குளிப்பு. உப்புவெளியில் இருந்துகொண்டு கடலில் இறங்காதவரை என்ன சொல்வது! காலை வெயில் கொஞ்சம் பட வேண்டும். மத்தியான வெயிலில் கிடந்து தோல் எரிந்தால், அந்த எரிந்த இடத்திலேயே வரும். மூன்றாவது, கருவாடு, இறால், கத்தரிக்காய் மூன்றையும் நிறுத்துங்கள். நாலாவது, வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாக மாறும், அதைப் பூசுங்கள். சித்த வைத்தியத்தில் இதற்குக் காளாஞ்சகப்படை என்று பெயரே இருக்கிறது. எங்களுடைய கிழக்குப் பல்கலைக்கழகக் கோணேசபுரி வளாகத்திலேயே சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள், மனிதர் அதைவிட்டுக் கிரீமுக்கு ஓடுகிறார்கள். ஐந்தாவது, கிரீம் எல்லாம் ஸ்டீரொயிட். விட்டால் இரட்டிப்பாக வரும். ஆறாவது, யோசிக்கக் கூடாது. யோசனைதான் இந்த வருத்தத்துக்குத் தீனி. மாமியார் யோசிப்பதை விட்டார், வருத்தம் விட்டது.

ஆறாம் வாட்டு:

மருமகன் அண்ணா, உங்கள் மாமியாருக்கு விட்டுவிட்டது என்பது சந்தோஷம். ஆனால் இது விட்டு விட்டு வருகிற சாமான். நாளைக்கு அவருக்குத் திரும்ப வந்தால் "யோசித்தாய், அதுதான் வந்தது" என்று அவர் தலையில் போடாதீர்கள், தயவுசெய்து.

கருவாட்டை நிறுத்தி எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. நிறை குறைந்தபோது கொஞ்சம் அடங்கியது, அது உண்மை. சிகரெட்டும் சாராயமும் கூட்டும் என்பதும் உண்மை, ஆண்கள் அதைக் கவனியுங்கள்.

கிரீம் கதைக்கு வருகிறேன். கிளினிக்கில் தருகிற ஸ்டீரொயிட் பூச்சை அவர்கள் சொன்ன அளவு, சொன்ன நாள் பூசினால் அது மருந்துதான். வைட்டமின் டி வகைப் பூச்சும் இருக்கிறது, தார் கலந்ததும் இருக்கிறது. ஆபத்து எங்கே என்றால், பெயர் இல்லாத பொட்டலத்தில். ஒருவர் தூள் தந்தார், மூலிகை என்றார். பத்து நாளில் என் தோல் கண்ணாடி. அம்மா பத்திரகாளி கோயிலில் அர்ச்சனை கூடச் செய்துவிட்டார். தூள் முடிந்து மூன்றாம் கிழமை, உடம்பு முழுக்கச் சிவந்து, ஊசி முனை அளவு சீழ்ப் பொட்டுகள், குளிர் நடுக்கம். தூளுக்குள் ஸ்டீரொயிட் இருந்திருக்க வேண்டும், திடீரென்று நின்றதால் இப்படி என்று டொக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு காலையும் கட்டிலைச் சுற்றி உதிர்ந்து கிடக்கிற என் செதிலைக் கூட்டுவார்கள். ஒரு நாள் கூட்டுகிற அக்கா குனிந்து மெதுவாக, "பிள்ளை, இவ்வளவும் ஒரு இரவிலா?" என்று கேட்டார். சாதாரணத் தோல் புதுப்பிக்க ஒரு மாதமளவு எடுக்குமாம், எங்களுக்கு சில நாள்தான். அவர் அருவருப்போடு கேட்கவில்லை, ஆச்சரியத்தோடுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. வாட்டில் ஒரே ஒரு தடவை சிரித்தது அதற்குத்தான்.

தம்பலகாமத்துச் செல்வி:

சுருக்கமாக. அம்மாவுக்கு இதே வருத்தத்துக்கு மெதோட்ரெக்சேட் என்ற குளிசை எழுதினார்கள். கிழமையில் ஒரு நாள் மட்டும். பக்கற்றில் எழுதியிருந்தது எங்கள் வீட்டில் யாருக்கும் வாசிக்க வராத மொழியில். பிரஷர் குளிசை தினமும், சீனிக் குளிசை தினமும், இதுவும் தினமும் என்று அம்மா விழுங்கினார். ஆறாம் நாள் வாய் முழுக்கப் புண், கஞ்சி கூட இறங்கவில்லை. பக்கற்றை எண்ணிப் பார்த்த தாதிதான் "ஐயோ" என்று கத்தினார். நல்ல காலம், காப்பாற்றினார்கள்.

இப்போது கலண்டரில் வெள்ளிக்கிழமைகளைச் சிவப்பால் சுழித்து வைத்திருக்கிறோம். அதோடு சேர்த்துத் தருகிற போலிக் அசிட் குளிசை எந்த நாள் என்று டொக்டரிடம் கேட்டு அதைப் பச்சையால். இரத்தப் பரிசோதனையைத் தவறவிடுவதில்லை. பிள்ளை பெற இருக்கிறவர்கள் இந்தக் குளிசையைத் தொடவே கூடாது, முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இரவு மெயில்:

உப்புவெளி அண்ணா, பொய் சொன்னதற்கு வருந்துகிறீர்கள். நான் உண்மை சொன்னேன், கேளுங்கள்.

கொழும்புக்கு இரவு ரயில். பக்கத்து சீற்றில் ஒரு ஐயா, படித்தவர் மாதிரி. என் கையைப் பார்த்தார், நானாகவே சொன்னேன்: "ஐயா, இது சொரியாசிஸ், தொற்றாது, எங்கள் எதிர்ப்புச் சக்தியே எங்கள் தோலைத் தூண்டிவிடுகிற வருத்தம்." 2014இல் உலக சுகாதாரப் பேரவை இதைத் தொற்றாத நோய் என்று தீர்மானம் போட்டதையும் சொன்னேன். "ஓம் ஓம், அறிந்திருக்கிறேன்" என்று அழகாகத் தலையாட்டினார். பிறகு கால் விறைக்கிறது என்று எழும்பினார். கல்ஓயா சந்தி வரை கதவோரம் நின்றுகொண்டே வந்தார். அவருக்கு எழுபது வயதாவது இருக்கும். பாவமாக இருந்தது. நான் எழும்பி இடம் கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் நிற்பதே என் பக்கத்தில் இருக்க முடியாமல்தானே.

டொக்யாட் வீதி:

அதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

உப்புவெளிக்காரன்:

மருமகன், வெட்பாலை எண்ணெய் இரண்டு வருடம் பூசினேன். கடி கொஞ்சம் குறைந்தது, படுக்கைச் சீலை ஊதாவானது. கடலிலும் இறங்குகிறேன், விடியற்காலை, ஆள் இல்லாத நேரம். போன மாதம் தொடங்கி ஒளிச் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறேன்.

கரைவலைத் தம்பி, உங்கள் பதிவை வாசித்துவிட்டு என் நகங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடது கையில் இரண்டு விரலில் குழி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் காட்டப் போகிறேன்.

ரயில் தங்கச்சி சொன்னதும் சரிதான், அந்த அம்மாவிடம் உண்மை சொல்லியிருந்தாலும் வாளியைக் கழுவித்தான் இருப்பார். ஆனால் பிள்ளை வாளியைப் பற்றிக் கேட்கவில்லையே. அங்கே ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு வேறு. சூடு குறைந்த கிணற்றையாவது அதற்குக் காட்டியிருக்கலாம்.