ஐந்தாம் வகை நீரிழிவுக்குத் தமிழில் என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். கிராமத்து மருத்துவ முகாம்களில் கொடுக்க ஒரு துண்டறிக்கை, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சின்ன வயதில் போதிய சாப்பாடில்லாமல் வளர்ந்து ஒல்லியாகவே இருக்கும் இளைஞர்களுக்கு வரும் நீரிழிவு பற்றியது. 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்டது. அப்படியே தலைப்புப் போட்டு ஒருவரிடம் படித்துக் காட்டினேன், "அப்போ முத்திப்போச்சா, அஞ்சாவது கட்டமா?" என்று பயந்துவிட்டார். 'ஊட்டக்குறை நீரிழிவு' என்று போடலாமா?

தமிழாசிரியர்:
தாராளமாக. உண் தன்வினை, ஊட்டு பிறவினை. 'உண்ணாமை' என்றால் பழி நோயாளி மேல் விழும். 'ஊட்டக்குறை' என்றால் ஊட்ட வேண்டியவர் ஊட்டவில்லை என்றாகும். வறுமை தந்த நோய்க்கு அதுதான் நியாயம். நீரிழிவில் உள்ள 'இழிவு'ம் தாழ்வு அல்ல, இழிதல், அதாவது இறங்கி ஓடுதல். அருவி இழிகிறது என்கிறோமே. இது தெரியாமல் சர்க்கரை நோய் என்கிறார்கள், சர்க்கரையோ வடமொழி வழி வந்தது. அப்புறம் கணையம், அதாவது சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரக்கும் உறுப்பு: சிலப்பதிகாரத்தில் மதில் காக்கும் கருவிகளோடு வரும் சொல், அது வயிற்றுக்குள் வந்த கதையைத் தனியாக எழுதுகிறேன்.

மருத்துவர்:
ஐயா, என் எதிரில் உட்காருவது நோயாளியும் அவருடைய அம்மாவும். ஊட்ட வேண்டியவர் ஊட்டவில்லை என்றால் அந்த அம்மா தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். அவரும் பட்டினி கிடந்து பிள்ளை பெற்றவர்தான்.

இந்த நோயாளிகளைப் பெயர்ப்பட்டியலில் ஏற்றி இறக்கியே பல வருடம் போய்விட்டது. 1955இல் ஜமைக்காவில் ஹியூ-ஜோன்ஸ் என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதினார், 1985இல் உலக சுகாதார நிறுவனம் தனி வகையாக்கியது, 1999இல் எடுத்துவிட்டது. பிறகு வேலூர் சிஎம்சியும் நியூயார்க் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வில்தான், பலருக்கும் வரும் இரண்டாம் வகையைப் போல உடல் இன்சுலினுக்கு மசியாதது இங்கே சிக்கல் இல்லை, சுரப்பதே குறைவு என்று தெளிவானது. "சோற்றைக் குறை" என்று வழக்கம்போலச் சொன்னால் இவர்களுக்குக் கேடு. இன்சுலின் அளவு மிஞ்சினாலும், அடுத்த வேளைச் சாப்பாடு நிச்சயமில்லாத வீட்டில் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்து. 'மெலிவு நீரிழிவு' என்று போடுங்கள்.

யாழ்ப்பாண நண்பர்:
கட்டுப்பாட்டில் இல்லாத எந்த நீரிழிவிலும் ஆள் மெலிவார்தானே டொக்டர்? மெலிவு காரணமா விளைவா என்று பெயரில் தெரியாது. எங்கள் பக்கம் போசாக்கின்மை, மந்தபோசணை என்பார்கள் (கணையத்துக்கும் சதையி என்றுதான் படித்தோம்). 'போசாக்கின்மை நீரிழிவு' என்றால் இங்கே எல்லாருக்கும் விளங்கும்.

தமிழாசிரியர்:
ஊட்டம் இருக்கும்போது போசாக்கு எதற்கு? ஒரு சொல்லை விட்டால் அடுத்த தலைமுறைக்கு அது அகராதியில்கூட மிஞ்சாது.

யாழ்ப்பாண நண்பர்:
ஐயா, கிளினிக் வரிசையில் நிற்கிற ஆச்சிக்குப் போசாக்கும் தமிழ்தான்.

பள்ளி ஆசிரியை:
1982இல் சத்துணவுத் திட்டம் வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் 'சத்து' தெரியாத வீடு கிடையாது. சத்துமாவு, சத்துணவுக்கூடம், 'உடம்புல சத்தே இல்ல' எல்லாம் அன்றாடப் பேச்சு. 'சத்துக்குறைவு நீரிழிவு' என்று வையுங்கள். யார் ஊட்டினார், யார் ஊட்டவில்லை என்ற கேள்வியும் வராது.

தமிழாசிரியர்:
சத்தும் வடசொல்தான் அம்மா. யார் ஊட்டவில்லை என்ற கேள்வி வரத்தான் வேண்டும், ஆனால் அது தாயைப் பார்த்துக் கேட்பதல்ல, அரசைப் பார்த்துக் கேட்பது. அதனால்தான் பிறவினையை விட மனம் வரவில்லை.

மருத்துவர்:
அரசுக்கு எழுதும் அறிக்கையில் உங்கள் சொல்லையே போடுவோம் ஐயா. இது நோயாளி கையில் போகிற தாள்.

மொழிபெயர்ப்பாளர்:
நாளை காலை அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். மூன்று பேர் 'சத்து' பக்கம் சாய்ந்திருக்கிறார்கள், தலைப்பு 'சத்துக்குறைவு நீரிழிவு'. அடியில் சின்ன எழுத்தில் 'ஐந்தாம் வகை, இது கட்டம் அல்ல'.

மருத்துவர்:
'சின்ன வயதுச் சத்துக்குறைவால் வருவது' என்று ஒரு வரி சேருங்கள். இல்லையென்றால் இன்றைக்கு ஒரு டானிக் குடித்தால் போய்விடும் என்று நினைப்பார்கள்.

தமிழாசிரியர்:
சேருங்கள். கலைச்சொல் பட்டியலுக்குப் போகும்போது 'ஊட்டக்குறை நீரிழிவு' என்பதே என் பரிந்துரை, என் மறுப்பையும் பதிந்து வையுங்கள்.