அவமரியாதையாகப் பேசுகிறவருக்காக எப்படி ஜெபிப்பது?

நெல்லை வாசகி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். துணிக்கடையில் பில் போடும் வேலை எனக்கு. புதிதாக வந்த சூப்பர்வைசர் என்னைவிட வயதில் சின்னவர், ஆனாலும் 'வா, போ'தான். கஸ்டமர் வரிசையில் நிற்கும்போதே "உனக்குக் கண்ணு தெரியாதா?" என்று கத்துவார், யார் செய்த தப்பானாலும் என் தலையில்தான் விழும். பதில் பேசினால் சாட்சி, அதாவது விசுவாசி என்கிற நல்ல பேர், கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொள்கிறேன். ஜெபக்குழுவிலும் "பொறுத்துக்கோங்க சிஸ்டர், அவருக்காக ஜெபம் பண்ணுங்க" என்கிறார்கள். சரி என்று முழங்கால் போட்டால் 'ஆண்டவரே, அவரை ஆசீர்வதியும்' என்று வாய் சொல்கிறது, மனசோ அன்றைக்கு அவர் பேசினதையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கிறது. இதெல்லாம் ஒரு ஜெபமா? அவரிடம் நேரடியாகப் பேசினால் அது விசுவாசக் குறைவா?

கோவை பிரதர்:
சிஸ்டர், மத்தேயு 5:44-ல் நம்மை நிந்திக்கிறவர்களுக்காக ஜெபம்பண்ணத்தான் இயேசு சொன்னார், மனசு இளகின பிறகு பண்ணுங்கள் என்று சொல்லவில்லை. வாய் மட்டும் சொன்னாலும் விடாமல் சொல்லுங்கள். வேலைக்குக் கிளம்பும் முன் சங்கீதம் 141:3, "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்". பதில் பேசாமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம், ரோமர் 12:19 பாருங்கள், பழிவாங்குவது நம் வேலை இல்லை.

சண்டே ஸ்கூல் டீச்சர்:
பிரதர் சொன்ன வசனங்கள் சரி, ஆனால் பழிவாங்குவது வேறு, பேசுவது வேறு. 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில் அன்னாளைப் பாருங்கள். பிள்ளை இல்லை என்று, அவள் கணவனின் இன்னொரு மனைவி பெனின்னாள் வருஷா வருஷம் அவளை மனமடிவாக்குகிறாள், அன்னாள் சாப்பிடாமல் அழுகிறாள். சீலோவில் இருந்த கர்த்தருடைய ஆலயத்தில் போய் ஜெபம்பண்ணுகிறாள், உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வரவில்லை. அதைப் பார்த்த ஏலி, அதுவும் ஆசாரியன், அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துத் திட்டுகிறார்! அவள் வாயை மூடிக்கொண்டு போகவில்லை. "அப்படியல்ல, என் ஆண்டவனே" என்று மரியாதையாகவே மறுக்கிறாள், நான் குடிக்கவில்லை, என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டேன் என்கிறாள், தன்னை ஒரு கெட்ட பெண்ணாக எண்ண வேண்டாம் என்றும் சொல்கிறாள். திட்டின அதே ஏலிதான் அடுத்து அவளைச் சமாதானத்துடன் போகச் சொல்லி வாழ்த்துகிறார். இயேசுவும் அப்படித்தான், பிரதான ஆசாரியன் முன்னால் சேவகன் ஒருவன் அறைந்தபோது "என்னை ஏன் அடிக்கிறாய்?" என்று கேட்டார் (யோவான் 18:23). திருப்பி அடிக்கவில்லை, கேட்காமலும் விடவில்லை. அமைதியாக இருந்தால்தான் சாட்சி என்று நம் சபைகளில் பெண்களுக்கு மட்டும் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கிறோம், அது எனக்கு ரொம்ப வருத்தம்.

தூத்துக்குடி அண்ணன்:
ஜெபத்தில் மனசு பழசையே ஓட்டுகிறது என்றீர்களே, அதையும் ஆண்டவரிடமே சொல்லுங்கள் தங்கச்சி. சங்கீதம் 55-ல் தாவீது எதிரிகளுக்கு மரணம் வரட்டும் என்றுகூடக் கேட்டுவிடுகிறார், அதே சங்கீதத்தில்தான் "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு" என்றும் வருகிறது. அன்றைக்கு சூப்பர்வைசர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லி, எங்கே வலித்தது என்று சொல்லி, அப்புறம் அவர் பேரைச் சொல்லி ஜெபியுங்கள். அவரிடம் தனியாகப் பேசிப் பாருங்கள், கேட்காவிட்டால் மேனேஜரிடம் போங்கள், அதனால் அன்பு குறைந்துவிடாது.

நெல்லை வாசகி:
அன்னாள் ஏலிக்குப் பதில் சொன்னதை நான் கவனித்ததே இல்லை டீச்சர். கடை திறக்கும் முன் கூட்டம் இருக்காது, அப்போது பேசலாம் என்று இருக்கிறேன். எப்படி ஆரம்பிப்பது?

சண்டே ஸ்கூல் டீச்சர்:
"சார், தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன். கஸ்டமர் முன்னாடி அப்படிப் பேசாதீங்க, எனக்குக் கை ஓட மாட்டேங்குது." இவ்வளவு போதும் சிஸ்டர். அவரிடம் வசனம் எதுவும் சொல்ல வேண்டாம். எந்த நாள் என்று இங்கே போடுங்கள், அன்று காலையில் நாங்களும் ஜெபிக்கிறோம்.