கம்பஸ் போகுமுன் எல்லோருக்கும் ஒரே புத்தகம்: உங்கள் அனுபவம் என்ன?

ஹட்டன் பிள்ளை:
உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழகத்துக்கான வெட்டுப்புள்ளி வந்து, அனுமதிக் கடிதம் கைக்குக் கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது. படிப்பதே மறந்துபோயிருந்தது. அப்போதுதான் பீடத்திலிருந்து தகவல் வந்தது: புதிதாக வருகிற எல்லோரும் ஒரே நாவலை வாசித்துவிட்டு ஓரியன்டேஷனுக்கு வர வேண்டும், பரீட்சை கிடையாது, உட்கார்ந்து பேசத்தான். சிங்களத்தில் எழுதிய நாவல், தமிழிலும் இங்கிலீஷிலும் மொழிபெயர்ப்பு உண்டு. பெயரைச் சொல்லவில்லை, மொழிபெயர்த்தவரைக் கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன்.

கிருலப்பனையில் போர்டிங். பாதிப் புத்தகத்தை 138 பஸ்ஸில் நின்றபடியே முடித்தேன்.

எங்கள் குழுவில் 12 பேர். முதல் அரை மணிநேரம் வீண். யாராவது "43ஆம் பக்கம்" என்றால் சிங்களப் பிரதியில் கல்யாணம், தமிழில் செத்த வீடு, இங்கிலீஷில் வெற்றுப் பக்கம்! கடைசியில் அத்தியாயம் சொல்லித் தேடப் பழகினோம்.

கதையில் ஒரு வேலைக்காரப் பெண் வருவாள். வீட்டுக்காரியை அவள் "நோனா" என்பாள். தமிழில் அது "சீமாட்டி". எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறாய் என்று மாத்தறைப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், தோட்டத்தில் என்றால் தொரசாணி, கொழும்பில் வேலைக்கு வந்தால் நோனா, என் சித்தியே கொழும்பு கறுவாத்தோட்டப் பகுதியில் ஒரு வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறார் என்று அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். சொன்ன பிறகுதான், இதை ஏன் இங்கே சொன்னேன் என்று பட்டது.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், தங்கள் வீட்டிலும் ஹட்டன் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார், எழுதப் படிக்கத் தெரியுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை என்றாள். அந்தப் பேச்சு தேநீர் இடைவேளையைத் தாண்டியும் போனது. கதையின் முடிவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வடமராட்சியான்:
உண்மையைச் சொல்லட்டா? நான் வாசிக்கவில்லை. ஒரு நண்பனிடம் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு போனேன். எங்களை நடத்திய விரிவுரையாளர் நடு அத்தியாயங்களிலேயே இரண்டு மணிநேரம் நின்றார். நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ஆனால் ஒன்று, பெயர், ஊர், பாடசாலை என்று சீனியர் யாரும் அதட்டிக் கேட்காத ஒரே இடம் அந்த வாரத்தில் அதுதான். அதற்காகவே இரண்டாம் நாளும் போனேன். புத்தகத்தைப் பிறகு வாசித்தேனா? இல்லை.

வெள்ளவத்தை வாசகி:
அமெரிக்காவில் இது பல இடங்களில் வழக்கம். கோடை விடுமுறையில் புத்தகம், வகுப்புத் தொடங்குமுன் சிறு குழுக்களாகப் பேச்சு. வட கரோலைனாவில் சாப்பல் ஹில் பல்கலைக்கழகம் 2002இல் குர்ஆனின் தொடக்ககால அத்தியாயங்களைப் பற்றிய புத்தகம் ஒன்றைக் கொடுத்தது. முந்தைய ஆண்டுதான் செப்டம்பர் 11 நடந்திருந்தது, யோசித்துப் பாருங்கள். சிலர் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் தடுக்க மறுத்துவிட்டது. வாசிக்க விருப்பமில்லாதவர்கள், ஏன் விருப்பமில்லை என்று ஒரு பக்கம் எழுதித் தரலாம் என்று விட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஒரு பக்கம்தான். நான் நடத்திய குழுவிலும் அதையே சொன்னேன். ஒரு தம்பி எழுதித் தந்தான்: "வேலைக்காரிக்குப் பேச நான்கு வரிதான் கொடுத்திருக்கிறார்கள், அதனால் பாதியில் நிறுத்திவிட்டேன்." முழுதாக வாசித்த பலரும் அதைக் கவனிக்கவில்லை. வடமராட்சியான் தம்பி, நீங்களும் ஒரு பக்கம் எழுதியிருக்கலாம்.

ஹட்டன் பிள்ளை, சித்தியிடம் இதையெல்லாம் சொன்னீர்களா?

ஹட்டன் பிள்ளை:
சொன்னேன் அக்கா. சித்தி ஐந்தாம் வகுப்பு வரைதான். புத்தகத்தைத் தா என்று வாங்கிக்கொண்டு போனார். ஞாயிறு பின்னேரம் மட்டும்தான் நேரம் கிடைக்கும், இப்போது 30ஆம் பக்கத்தில் நிற்கிறார். போன கிழமை எடுத்துப் பார்த்தேன். "சீமாட்டி" வருகிற இடமெல்லாம் பேனையால் வெட்டி, மேலே "நோனா" என்று எழுதி வைத்திருக்கிறார்.